சபேசனின் அப்பா

பங்குனி அமாவாசையன்று சபேசன் மொட்டை மாடியில் இலை போட்டு, "அப்பா, வாங்கப்பா, உங்களுக்குப் பிடிச்ச வடை" என்று கைகூப்பி அழைத்தான். காகம் இறங்கி வந்து சாப்பிட்டது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, புறநகர் ஏரிக்கரைப் பூங்காவில் பறவை பார்க்கக் கூட்டம் கூடியது. கொன்றை பூத்துக் குலுங்கியது. கழுத்தில் பைனாகுலரோடு வந்த சபேசனைக் கண்டதும் காகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று, நேரே அவன் முன்னால் இருந்த கிளையில் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பின்னால் ஒரு மாங்குயில் இருந்தது.

"ச்சூ! மறைக்காதே, போ சனியனே!" என்று சபேசன் கல்லை எடுத்தான்.

காகம் அலறிக்கொண்டு அணிலிடம் பறந்தது. "நேத்து அப்பான்னு அழுதான், இன்னிக்குக் கல்லெடுக்கிறான். எனக்கு ஒண்ணுமே புரியலையே! நேத்து ஆள் தெரியாமக் கூப்பிட்டுட்டானோ?"

அணில் முன்பு அவன் வீட்டு ஜன்னலோர மரத்தில் குடியிருந்தது. "அவங்கப்பா உயிரோட இருந்தப்ப, கூடத்துல அவர் குறுக்கே நடந்தாலே, 'டிவியை மறைக்காதீங்க, அந்தப் பக்கம் போங்க'ன்னு கத்துவான்" என்றது.

காகத்துக்கு உயிர் வந்தது.

"அப்படின்னா நான் அவனோட அப்பாவேதான்!"