சீட்டுக் கம்பியின் கடைசிக் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை, மலைக்குக் கிளம்பும் முன், அம்மா யாழினியின் சிவப்பு சைக்கிள் சீட்டை மறுபடி உயர்த்தினாள். கம்பியில் கடைசிக் கோடு தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அம்மாவின் பெரிய சைக்கிள் சிரித்தது. "இதுக்கு மேல ஏத்தினா கம்பி கழண்டு வந்துடும். யாழினி வளர்ந்துட்டா, உன் கதை இன்னையோட முடிஞ்சுது. என்னைப் பாரு, பத்து வருஷமா இதே மலைதான்."

யாழினி சிவப்பு சைக்கிளிலும் அம்மா பெரிய சைக்கிளிலும் கிளம்பினார்கள்.

மலைப் பாதையின் பாறை மேட்டில் யாழினி எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாள். இன்று இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். செயின் முனகியது, சக்கரம் வழுக்கியது, சிவப்பு சைக்கிள் விடவில்லை. அம்மாவுக்கு முன்னால் உச்சியில் போய் நின்றார்கள்.

"போகும்போதாவது நல்ல பேரோட போற," என்றது பெரியது.

அடுத்த வாரம் யாழினிக்குப் புது சைக்கிள் வந்தது. அம்மா சிவப்பு சைக்கிளின் சீட்டை அடிவரை இறக்கினாள். தம்பி கபிலன் ஏறி உட்கார்ந்தான். நுனிக்கால்தான் தரையில் பட்டது.

"அக்கா, நீங்க இந்த மலையை நூறு தடவை ஏறியிருப்பீங்க. ஆனா முதல் தடவை ஏறினது ஒரே ஒரு நாள்தான்," என்றது சிவப்பு சைக்கிள், பெரிய சைக்கிளிடம். "எனக்குக் கபிலனோட அந்த நாள் மறுபடியும் வரப்போகுது."