சந்தேகசாமி

"அக்கா, அந்த சந்தேகசாமி மட்டும் இன்னைக்கு லீவு போட்டுட்டார்னா நீங்க பாஸ்!" என்றாள் அறைத்தோழி, தலை வாரிக்கொண்டே.

அவளுக்கும் உள்ளுக்குள் அதே ஆசைதான். வகுப்பில் ஓயாமல் சந்தேகம் கேட்கிற ஒருவருக்கு இவர்கள் வைத்த பெயர்தான் சந்தேகசாமி.

சரக்கு ஆபீசில் வருஷக்கணக்காகக் குமாஸ்தா. நாற்பதைத் தொடப்போகிற வயதில் வேலையை உதறிவிட்டுக் கடல் கடந்து வந்திருந்தாள். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு.

"அவங்க பாஷையை அவங்க ஊருக்கே போய்க் கத்துக்குடுக்கப் போறியா?" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கணவர் மட்டும், "நீ போயிட்டு வா. பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலம் தெரிவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு என்று. போன தடவை அவள் வகுப்பு எடுத்து முடித்ததும் பயிற்சியாளர் அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"நல்லாத்தான் பேசறீங்க. ஆனா நீங்க மட்டுமே பேசறீங்க. அவங்க எப்போ பேசறது?"

இன்று கடைசி வகுப்பு. இதிலும் கோட்டை விட்டால் சான்றிதழ் கிடையாது. அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

உள்ளே நுழைந்தாள். பிழைப்புக்காகப் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், வேலை முடிந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்ஸி ஓட்டுபவர், ஹோட்டலில் துணி துவைக்கும் அம்மா, கட்டட வேலைக்காரர்கள். நடுவில், சட்டைக் கையில் மாவு ஒட்டியிருக்க, பேக்கரியில் ரொட்டி சுடுகிற சந்தேகசாமி.

வந்துவிட்டார் மகராசன்!

கடைசி வரிசையில் பயிற்சியாளர் அம்மாள் பேனாவோடு தயார்.

குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிச் சரிசெய்ய வைக்க வேண்டும். இதுதான் பாடம். பலகையில் எழுதினாள், விளக்கினாள்.

சந்தேகசாமி கை தூக்கினார். "டீச்சர், புரியல."

மறுபடி விளக்கினாள்.

"டீச்சர், இன்னொரு தடவை."

கட்டடக்காரர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.  இந்தச் சந்தேகசாமிக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? படம் போட்டுக் காட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். இன்னும் புரியல."

பலகையில் எழுதும் பேனாவை மூடினாள். இனிமேல் விளக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. போனால் போகட்டும்!

"எல்லாரும் எழுந்திரிங்க. நான்தான் வீட்டுக்காரி. உங்க வீட்டுல குழாய் ஒழுகுது. வந்து கேளுங்க பாக்கலாம். நான் லேசுல மசிய மாட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்ஸிக்காரர் வந்து கேட்டார். "நாளைக்கு வாங்க" என்று துரத்தினாள். கட்டடக்காரர் வந்தார். "குழாய்னா ஒழுகத்தான் செய்யும்" என்றாள். வகுப்பு கலகலத்தது. கொட்டாவி விட்டவர் அடுத்த ஆளுக்கு முந்திக்கொண்டு வந்தார்.

அப்போது துணி துவைக்கும் அம்மா எழுந்தார். பயிற்சி தொடங்கியதிலிருந்து தன் பெயரைத் தவிர வேறெதுவும் பேசாதவர். தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மேடம், தயவுசெய்து குழாயைச் சரிபண்ணித் தர முடியுமா?"

"முடியாது. எனக்குத் தூக்கம் வருது."

அந்த அம்மா இடுப்பில் கை வைத்தார்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க மேடம். நீங்க என் வீட்டுல வந்து தூங்குங்க. நான் உங்க வீட்டுல தூங்கறேன்!"

அத்தனையும் ஆங்கிலத்தில்! ஒரு தடுமாற்றம் இல்லை.

அறை அதிர்ந்தது. மேஜையைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். அந்த அம்மாவோ, தன் வாயிலிருந்தா வந்தது என்று வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் அம்மாள் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"பாஸ். இன்னைக்குத்தான் அவங்க பேசி நீங்க கேட்டீங்க."

வாசலில் காத்திருந்த அறைத்தோழி கட்டிப்பிடித்துக்கொண்டாள். "சந்தேகசாமியையும் மீறி ஜெயிச்சுட்டீங்களே அக்கா!"

அந்தச் சமயம் பார்த்து அவரே வெளியே வந்தார். ஜெயித்த தெம்பில் அவளுக்கும் வாய் துறுதுறுத்தது.

"என்ன சார், இப்பவாவது புரிஞ்சுதா?"

அவர் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். துணி துவைக்கும் அம்மா இன்னும் நாலு பேருக்கு நடுவில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சந்தேகசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எனக்கு முதல் தடவையே புரிஞ்சுடும் டீச்சர். அந்த அம்மாவுக்குத்தான் புரியாது, கேக்கவும் கூச்சம். அதான் அவங்களுக்காக நான் கேட்டுக்கிட்டிருந்தேன். இனிமே அவங்களே கேப்பாங்க."