வயசு ஏறாத தளம்

"வயசுங்கிற கட்டத்தைத் தூக்கிட்டு, பிறந்த வருஷம்னு போடுப்பா. தளத்தை நிறுத்தாதே, ஓடும்போதே மாத்து" என்றார் மேலாளர்.

திருமணத் தகவல் தளத்தின் புரோகிராமர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"சார், பழைய ஆளுங்க வயசை மட்டும்தான் குடுத்திருக்காங்க. பிறந்த வருஷத்துக்கு நான் எங்கே போறது?"

"சேர்ந்த வருஷத்திலிருந்து வயசைக் கழி. பத்து வருஷமா இங்கே யாருக்குமே வயசு ஏறலை. இது தளமா, தேவலோகமா?"

"திங்கட்கிழமை மாத்தலாமே சார்? ஓடும்போது கை வச்சா எல்லாம் புட்டுக்கும்."

"புட்டுக்கிட்டா நான் பார்த்துக்கறேன். தட்டு."

புரோகிராமர் தட்டினான். எதுவும் புட்டுக்கவில்லை. எண்பதாயிரம் பேருக்கு ஒரே நொடியில் வயது கூடியது.

அடுத்த நிமிடம் அவன் கைப்பேசி அலறியது. இதே தளத்தில் அவனைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை சம்மதம் சொல்வதாக இருந்த பெண்.

"என்னங்க, காலையில இருபத்தொன்பதா இருந்தீங்க. இப்ப முப்பத்தஞ்சுன்னு காட்டுது?"

அவன் மேலாளருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"அது... நான் அதுல சேர்ந்து ஆறு வருஷமாச்சுங்க."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"அப்பாடா! நான் சேர்ந்து எட்டு வருஷம்ங்க. தளத்துல என் பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துக்குங்க."