ஆறு மணிக்குள் ரிமோட்

2009 ஓகஸ்ட் 12. களுதாவளை மாலை வகுப்புக் கணினியில் லினக்ஸ் போடச் சொன்னது நான்தான். இன்றும் அதில் டிவி தெரிந்தது. ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை.

“ஆறு மணிக்குள்ள சரிவராட்டி லினக்ஸை அழிச்சிட்டு விண்டோஸ் போட்டிருவன் பிள்ள,” என்றார் கோணாமலை சேர்.

பட்டரியை மாற்றினேன். கைபேசிக் கமெராவில் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ரிமோட் விளக்கு அதில் மின்னியது. டிரைவர் மென்பொருளும் ஏறியிருந்தது. ஆனால் கணினியோடு இணைத்திருந்த ரிசீவர் பெட்டியை நோக்கி எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கணினிக்கு எட்டவில்லை. அமைப்புக் கோப்பை மூன்று தடவை திருத்தினேன். எனக்குத்தான் இதெல்லாம் விளங்காதோ என்று பயம் வந்தது.

“நேற்று ஒழுங்காத்தானே இருந்தது. நீ தட்டித் தட்டி அதுக்கே அலுத்துப் போச்சு,” என்று சிரித்தாள் பக்கத்திலிருந்த கம்சாயினி.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க, சேர் விண்டோஸ் சீடியை எடுத்தார். கம்சாயினி என் முகத்தையே பார்த்தாள்.

“உன்ட பொட்டு எங்கடி?”

நெற்றியைத் தடவினேன். முகம் கழுவும்போது வீட்டில் கண்ணாடியில்தான் ஒட்டி வைப்பேன். இங்கே கண்ணாடி இல்லை. வகுப்புக்கு வந்ததும் பொட்டை ரிசீவர் பெட்டியில் ஒட்டிவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறேன். கறுப்புப் பெட்டியில் கறுப்புப் பொட்டு, ரிமோட்டின் ஒளியை வாங்கும் கண்ணுக்கு மேலேயே இருந்தது.

உரித்து நெற்றியில் வைத்தேன். சேர் பொத்தானை அழுத்தினார். சனல் மாறியது.

“லினக்ஸ் இருக்கட்டும்,” என்றார் சேர். “நாளைக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுறன்.”