கண்ணாடி அலமாரி பெல்ட்

“சாப்பாட்டுப் பைக்குள்ள வெச்சிருந்தான் சார். மேல டிபன் பாக்ஸ், அடியில இது.”

வாட்ச்மேன் மஞ்சள் பெல்ட் சுருள்களை மேனேஜரின் மேஜைமேல் கொட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

எதிரே கைகட்டி நின்றிருந்தவன் நத்தை. கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். மற்றவர்கள் பெட்டிகளை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவன் மட்டும் லாரிக்குள்ளேயே எதையோ நோண்டிக்கொண்டிருப்பான். அதனால் வந்த பெயர்.

மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியதில் நியாயம் இருந்தது. அவை லேசுப்பட்ட பெல்ட்டுகள் இல்லை. லாரிக்குள் சரக்கு சரியாமல் இழுத்துக் கட்டுவதற்கென்று தலைமை அலுவலகம் அனுப்பியவை. கட்டினால் அழுக்காகிவிடுமே என்று வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, மேலே ‘பாதுகாப்பே முதல்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, விருது கொடுக்க ஆட்கள் வரும் நாளில், தூசு தட்டுவார்கள். இன்று அந்த நாள். தட்டப் போனால் அலமாரி காலி.

“விபத்தே நடக்காத கிடங்குன்னு வருஷா வருஷம் நமக்குத்தான் விருது. அதுல மண்ணள்ளிப் போடப் பாக்கறியா? எத்தனை நாளா இந்தத் திருட்டு?”

“ரொம்ப நாளா எடுக்கறேன் சார். ஆனா திருடல.”

“பைக்குள்ள ஒளிச்சு வெளிய கொண்டு போறதுக்கு வேற என்னய்யா பேரு? இன்னியோட உன் சீட்டு கிழிஞ்சுது. கிளம்பு.”

நத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. “வெளிய கொண்டு போகல சார்.”

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

“உள்ள வரும்போதுதான் சார் புடிச்சேன். காலையில.”

“உள்ள வரும்போதா? எந்தத் திருடன்யா சாமானைக் கொண்டாந்து குடுப்பான்?”

“அதைத்தான் நானும் யோசிச்சேன் சார். புடிச்சது புடிச்சாச்சு, சும்மா விடுவானேன்னு கூட்டிட்டு வந்துட்டேன்.”

நத்தை மென்று விழுங்கிச் சொன்னான்.

“இதால சரக்கைக் கட்டி அனுப்பறேன் சார். நம்ம லோடு போற கிடங்குலதான் என் சம்சாரம் இறக்கற வேலை பாக்கறா. அங்க கதவைத் திறந்ததும் பெட்டியெல்லாம் மொத்தமா மேல சரியுதாம். ஏழெட்டு மாசம் முன்னாடி அவ கூட வேலை பாக்கற அக்காவுக்குத் தோள்பட்டை நொறுங்கிப் போச்சு. எனக்குத் தூக்கமே வரல. கட்டி அனுப்பினா அங்க இருக்கறவங்க மெதுவா அவிழ்ப்பாங்க, அவ எல்லாத்தையும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவா. மறுநாள் நான் இங்க கொண்டாந்துடுவேன்.”

“ஓகோ. உன் பொண்டாட்டி திறக்கற வண்டிக்குக் கம்பெனி பெல்ட்டு. பலே.”

“அவ எந்தக் கதவைத் திறப்பான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? அதனால நான் ஏத்தற எல்லா வண்டியையும் கட்டிடறேன்.”

மேனேஜர் இதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

“மீதி பெல்ட்டு எங்க?”

“மூணாவது வாசல்ல நிக்கற டிரெய்லர்ல சார். நேத்து ஏத்தினது.”

“போய் அவிழ்த்துட்டு வா. ஆளுங்க வர்ற நேரமாச்சு.”

“அவிழ்த்தா சரிஞ்சுடும் சார். வண்டி கதவுப் பக்கம் சாஞ்சு நிக்குது. மொத்த பாரமும் பெல்ட்டு மேலதான் இருக்கு.”

“ஒரு பெல்ட்டு அவிழ்க்கத் துப்பில்ல, பேச்சைப் பாரு. வா, நானே அவிழ்க்கறேன்.”

மூன்று பேரும் போனார்கள். மேனேஜர் கோட்டைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு டிரெய்லருக்குள் ஏறினார். அவர் தலைக்கு மேலே வரைக்கும் அட்டைப்பெட்டிகள். குறுக்கே மஞ்சள் பெல்ட்டுகள். ஒன்றின் பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

உள்ளே எங்கோ கிறீச்சென்றது. மேல் வரிசைப் பெட்டிகள் மெல்ல முன்னால் நகர்ந்து அவரை எட்டிப் பார்த்தன.

“ஏய், பிடி. பிடிய்யா. இறுக்கித் தொலை.”

நத்தை ஒரே தாவலில் உள்ளே ஏறி, பெல்ட்டை இழுத்து இறுக்கினான். அவன் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து அந்தக் கிடங்கில் யாரும் பார்த்ததில்லை.

மேனேஜர் எப்படியோ கீழே இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் நீட்டிய தண்ணீரில் பாதி சட்டையில் போனது.

“அவிழ்க்க வேணாம்,” என்றார் கடைசியில். “வண்டி இப்படியே கிளம்பட்டும். உன் வேலையும் இருக்கட்டும். மேஜைமேல கிடக்கற பெல்ட்டை மட்டும் அலமாரியில பரப்பி அடுக்கு, நிறைய இருக்கற மாதிரி தெரியணும்.”

நத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றிருந்தது.

“அங்க கதவைத் திறக்கறவங்க எல்லாரும் உங்களை வாழ்த்துவாங்க சார். அப்ப இனிமே எல்லா வண்டியையும் கட்டியே அனுப்பிடலாம்ல?”

“அந்த வேலையே வேணாம். நாளையிலேருந்து அலமாரிக்குப் பூட்டு.” மேனேஜர் கோட்டை மாட்டிக்கொண்டு, கலைந்த தலையைக் கோதினார். “இன்னிக்கு இங்கேயே விழுந்து தொலைச்சிருக்கும், அதான் விட்டேன். இங்க விழுந்தாத்தான்யா அது நம்ம விபத்து. அங்க போய்க் கதவைத் திறக்கும்போது விழுந்தா அவங்க விபத்து. பின்ன, வருஷா வருஷம் நமக்கு எப்படி விருது வருதுன்னு நினைச்சே?”