படுக்க விடாத மனுஷன்

"ஏம்ப்பா, அதைக் கொஞ்சம் படுக்கத்தான் விடேன்! வாயில்லா ஜீவன்!"

டீச்சர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார். குதிரைக்காரர் திரும்பக்கூட இல்லை. செவலைக் குதிரையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

குதிரை வேர்த்து வழிந்தது. நாலு அடிக்கு ஒரு தடவை முன்னங்காலை மடக்கும். உடனே குச்சியால் பின்பக்கம் ஒரு தட்டு. "ஏய், எழுந்திரு! நட, நட!"

"பதினோரு மணிக்கு ஆரம்பிச்சது. இப்ப மணி ரெண்டு. மனுஷனா இவன்?"

"லீவுக்குத்தானே வந்தோம்? இங்கேயும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்றார் மரத்தடியில் சாய்ந்திருந்த கணவர்.

டீச்சருக்கு இதெல்லாம் உறைக்காது. பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் மன்றமே அவர் பொறுப்புதான். பிள்ளைகள் வைத்த பேர், பச்சை டீச்சர். இந்தக் குதிரைப் பண்ணையைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். மழைத் தண்ணியில் குதிரைக்குக் குளியல். புல்வெளியை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ச்சல். விழுகிற லத்தியெல்லாம் உரக்குழிக்கு. வாசலிலேயே பெரிய போர்டு: 'இங்கே எதுவும் வீணாவதில்லை.' அதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கீழே பொடி எழுத்தில் இன்னும் பத்து வரி இருந்தது. அதையெல்லாம் யார் நின்று படிக்கிறார்கள்!

"அம்மா, செவலை மேல எப்பம்மா ஏத்துவாங்க?" வேலி மேல் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள். காலையில் அம்மாவும் பெண்ணுமாகப் போய் அதைக் கொஞ்சிவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

"ஏறலாம் கண்ணு. முதல்ல அந்த ஆள் அதை விடட்டும்."

டீச்சர் அறைக்குப் போனார். திரும்பி வந்தார். செல்போனில் வீடியோ எடுத்தார். அதற்கும் அந்த ஆள் அசையவில்லை என்றதும், நேராக ஆபீஸுக்குப் போய் ஓனரம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயோ, அதுக்கு வயித்துவலிங்க" என்றார் ஓனரம்மா. "படுத்துப் புரண்டா குடல் முறுக்கிக்கும். அப்புறம் பிழைக்காது. டாக்டர் வர்ற வரைக்கும் நடத்தித்தான் ஆகணும். மூணு மணி நேரமா அவர் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை."

டீச்சர் முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம்தான்.

"சரி, வலி எப்படி வந்தது? கண்டதைத் தின்னாத்தானே வரும்? பார்த்துக்க வேண்டியவர் அப்ப எங்கே போயிருந்தார்?"

ஓனரம்மாவுக்கும் அது சுருக்கென்றது. "ஆமா, காலையில என்னத்தைத் தின்னுச்சு?"

குதிரைக்காரர் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நடையை நிறுத்தாமலே சொன்னார். "தானிய டிரம்மை மூடாம விட்டுட்டேன்மா. என் தப்புதான்."

"பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உங்களுக்குச் சொல்லிக்குடுக்கணுமா? டாக்டர் வந்ததும் கயித்தைக் குடுத்துட்டு உரக்குழிக்குப் போயிடுங்க. இனிமே லாயத்துப் பக்கம் நீங்க வரவேண்டாம்."

அவர் குதிரையின் கழுத்தைத் தடவினார். "நட ராசா. இன்னும் கொஞ்சம்தான்."

"பார்த்தீங்களா?" டீச்சர் கணவரிடம் திரும்பினார். "ரெண்டு கேள்வி கேட்டாத்தான் உண்மை வெளியே வருது."

டாக்டர் வந்தார். ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து ஏற்றினார். "லத்தி போட்டா பிழைச்சுது. போடலைன்னா கஷ்டம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எல்லாரும் குதிரையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி போனது. ஒரு மணி போனது. ஓனரம்மா உட்காருவார், எழுந்திருப்பார். மகள் சத்தமில்லாமல் அழுதாள். தூரத்தில் உரக்குழி ஓரமாக, மண்வெட்டியை ஊன்றியபடி குதிரைக்காரர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சு மணிக்குச் செவலை வாலைத் தூக்கியது.

"போட்டுடுச்சு! போட்டுடுச்சு!" மகள் குதித்தாள். டாக்டரே கைதட்டினார். அள்ளிக்கொண்டு போகக் கூடையோடு ஓடி வந்த குதிரைக்காரர், குனிந்தவர் நிமிராமல் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சருக்கும் அப்பாடா என்றிருந்தது. "இனிமேயாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பெட்டி கட்டப் போனார்.

கிளம்பும் நேரம். மகள் வாசலில் நின்ற காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்துவிட்டு, குதிரைக்காரர் கிட்டே வந்தார். துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தார்.

"இது உங்களோடதுதானேம்மா? காலையிலேயே செவலையோட தொட்டிக்குப் பின்னால கிடந்துச்சு. அடியில ரொட்டி ஒட்டியிருந்தது, கழுவிட்டேன்."

நீல மூடி போட்ட டப்பா.

காலையில் மீந்த ரொட்டி அத்தனையும் அதில்தான் இருந்தது. 'வீணாக்கக் கூடாது கண்ணு, மிச்சம் வைக்காம செவலைக்கு ஊட்டிடு' என்று மகள் கையில் கொடுத்தது டீச்சர்தான். வாசல் போர்டின் பொடி எழுத்து இப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் வரியே, குதிரைகளுக்கு நம் சாப்பாட்டைத் தராதீர்கள்.

டப்பாவை வாங்கக் கை வரவில்லை.

"ஓனரம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே? ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அப்ப பாப்பா வேலி மேல உட்கார்ந்திருந்துச்சேம்மா. தன் கையால ஊட்டினதாலதான் இந்த வலின்னு தெரிஞ்சா, அது ஜென்மத்துக்கும் ஒரு குதிரையைத் தொடாது."