பொட்டுக்குப் பொட்டு

மூன்றாவது கியரில் நாற்பதைத் தொட்டதும் ஆட்டம் தொடங்கியது.

முதலில் இருக்கைக்கு அடியில். பிறகு ஸ்டியரிங்கில். பிறகு அவள் முழங்கையில்.

பின்னால் இருநூறு அட்டை முட்டை.

காலை எடுத்தாள். நின்றது.

மிதித்தாள். மறுபடியும் வந்தது.

பக்கத்தில் கணவன். இன்று நேரில் பார்த்துவிடுவது என்று ஏறி உட்கார்ந்தவன்.

"வண்டிக்கு ஒரு கேடுமில்ல. நீ மிதிக்கற மிதிதான்."

ஒன்பது நாளாக இதே பேச்சு. ஒன்பது நாளாகக் கரூரில் இறக்கும்போது நாலைந்து அட்டைகள் ஒழுகின. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் இதே பிக்கப்பில் அவள் ஏற்றிப்போன முட்டைகள் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தன. அதை யாரும் பேசுவதில்லை.

நாளை ராசிபுரத்திலிருந்து ஒரு டிரைவர் வருகிறான்.

நாளையிலிருந்து அவள் பண்ணையில் முட்டை பொறுக்க வேண்டும்.

சாலையோரம் நிறுத்தினாள். நியூட்ரலில் போட்டு, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். எஞ்சின் கத்தியது. முன்னால் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான்.

"நிக்கற வண்டி எப்படி ஆடும்?" என்றான்.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எஞ்சின் இல்லை. அதற்குப் பின்னால், ஓடும்போது மட்டும் சுழல்கிற ஏதோ ஒன்று.

பரமத்தியில் மெக்கானிக் செங்கோடனின் பட்டறைக்குள் வண்டியைத் திருப்பினாள்.

கணவன் முதலில் இறங்கி, அவளுடைய மிதியைப் பற்றிச் செங்கோடனிடம் விளக்கமாகச் சொன்னான். செங்கோடன் கேட்டுக்கொண்டே சக்கரங்களுக்குக் கல் வைத்தான். பிறகு வண்டிக்கு அடியில் போனான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.



பிறகு அந்தக் கால்கள் குலுங்கின. சிரிக்கிறான்.

"அக்கா, உங்க மிதில தப்பில்லீங்க. நான் மாட்டுனதுலதான் தப்பு."

அவள் குனிந்தாள்.

கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட், இரண்டு துண்டு. பல்லோடு பல் கோத்து நிற்பது. பிரிக்கும் முன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடுவான் செங்கோடன். மாட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் வேகம் எடுக்கும்போது வண்டி ஆடும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இந்த வண்டியினுடையதைக் கிரீஸ் வைக்கப் பிரித்தான். கோடு போட்டான். பொழுது சாய்ந்துவிட்டதால் இரண்டையும் சாக்கின் மேல் கிடத்திவிட்டுப் போனான்.

"காலைல பூ வாங்கிட்டு வந்து பாக்கறேன், கோட்டக் காணோம். யாரோ பளபளன்னு தொடச்சு, ரெண்டுலயும் சந்தனம் குங்குமம் வெச்சிருக்காங்க. கிறுக்கனாட்டம் நானும் அதையே அடையாளம்னு நெனச்சு, பொட்டுக்குப் பொட்டு சேத்து மாட்டிட்டனுங்க்கா."

மறுபடியும் கால்கள் குலுங்கின.

"ஆனா லட்சணமான பொட்டுங்க. யாரு, நீங்களா?"

அன்று காலை முழுக்க அவள் பண்ணையில் இருந்தாள். அன்று சந்தனக் கிண்ணத்தோடு பட்டறைக்கு வந்த கணவன் இப்போது இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தான். பின் டயரின் வரிப்பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள்.



பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். அவனுக்கு இல்லை.

செல்போனை எடுத்துக்கொண்டு சாலையோரத்துக்குப் போனான். லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் துண்டு துண்டாக வந்தது.

"ஆமாப்பா... இல்லப்பா, நாளைக்கு வர வேண்டாம்... வண்டிக்கு ஆளு இருக்குது."

அடியில் செங்கோடன் ஷாஃப்டைப் பிரித்தான். இரண்டு முனைகளும் ஒரே நேராக நிற்கும்படி திருப்பிக் கோத்தான். இம்முறை சாக்பீஸைத் தேடவில்லை. உளியால் ஒரு கோடு வெட்டினான்.

நெற்றியெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான்.

"சொல்லவே இல்லீங்களே. பொட்டு வெச்சது யாருங்க்கா?"

கணவன் திரும்பி வந்து நின்றிருந்தான்.

"நான்தான்," என்றாள்.

அவன் போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

மூன்றாவது கியர். நாற்பது.

ஐம்பது.

அறுபது. பின்னால் முட்டை இருப்பதே தெரியவில்லை.

பரமத்தி வேலூரைத் தாண்டிக் காவிரிப் பாலம் வந்தது. ஆற்றில் நிறையத் தண்ணீர். காட்டலாம் என்று திரும்பினாள்.

யார் ஓட்டினாலும் அவன் வண்டியில் கண்ணை மூடியதில்லை. சொந்த அண்ணன் ஓட்டினாலும் விழித்தே வருவான்.

அவன் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பாலம் முடியும்வரை அவள் ஹாரன் அடிக்கவில்லை.